போலந்தின் இளம்பெண்கள் வேலையின்மைக் கணக்கில் ஏன் தெரிவதில்லை?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். முதுகலைப் பொருளாதாரம் படிக்கும் ஒருவர் கேட்டது இது: "கம்யூனிசத்திலிருந்து சந்தைக்கு மாறிய நாடுகளில் பெண்களும் இளைஞர்களும்தான் அதிகம் அடிபட்டார்கள் என்று பாடப்புத்தகத்தில் ஒரு வரி இருக்கிறது. ஆனால் அட்டவணையைப் பார்த்தால் போலந்தில் 25 வயதுக்குக் கீழே ஆணுக்கும் பெண்ணுக்கும் வேலையின்மை விகிதத்தில் சில புள்ளிகள்தான் வித்தியாசம். 2010 வாக்கில் லித்துவேனியாவில் ஆண்களுக்குத்தான் அதிகம். புத்தகம் தப்பா, அட்டவணை தப்பா?"

இரண்டும் சரிதான். நீங்கள் பார்க்கும் எண்ணுக்குள் பாதிக் கதைதான் அடங்கும், அதுதான் சிக்கல். அந்த விகிதத்தை எப்படிப் போடுகிறார்கள் என்று ஒருமுறை நிதானமாகப் பார்த்துவிட்டால் மீதி எல்லாம் விளங்கிவிடும், அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் வரையறைப்படி ஒருவரை வேலையில்லாதவர் என்று எழுத மூன்று நிபந்தனைகள் உண்டு. கையில் வேலை இருக்கக் கூடாது, கடந்த நான்கு வாரத்தில் வேலை தேடியிருக்க வேண்டும், கிடைத்தால் இரண்டு வாரத்துக்குள் சேரத் தயாராக இருக்க வேண்டும். அந்த வாரத்தில் கூலிக்கு ஒரு மணி நேரம் வேலை பார்த்திருந்தாலும் அவர் வேலையில் இருப்பவர். சரி, கைக்குழந்தையோடு வீட்டில் இருக்கும் 23 வயதுப் பெண்ணிடம் கணக்கெடுக்க வந்தவர் கடந்த நான்கு வாரத்தில் வேலை தேடினீர்களா என்று கேட்கிறார். பிள்ளையை விட்டுவிட்டுப் போக இடமே இல்லை, எங்கே தேடுவது? "இல்லை" என்கிறாள். அந்த ஒரு சொல்லோடு அவள் வேலையில்லாதவர் பட்டியலிலிருந்து மட்டுமல்ல, விகிதத்தை வகுக்கும் எண்ணிலிருந்தும் காணாமல் போகிறாள். வகுக்கும் எண் என்பது வேலையில் இருப்பவர்களும் தேடுபவர்களும் சேர்ந்த கூட்டம் மட்டும்தான்.

விளக்கத்துக்காக நானே போட்ட ஒரு கணக்கு, எந்த நாட்டுத் தரவும் இல்லை. 100 இளைஞர்கள், 100 இளம்பெண்கள், இரு பக்கமும் 35 பேர் படித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று வையுங்கள். ஆண்களில் 36 பேருக்கு வேலை, 24 பேர் தேடுகிறார்கள். விகிதம் 60ல் 24, அதாவது 40 சதவீதம். பெண்களில் 24 பேருக்கு வேலை, 16 பேர் தேடுகிறார்கள். 40ல் 16, அதுவும் 40 சதவீதம். அட்டவணையில் ஆணும் பெண்ணும் ஒன்று. ஆனால் படிக்காமலும் வேலைக்குப் போகாமலும் தேடாமலும் வீட்டில் இருப்பவர்கள் ஆண்களில் 5 பேர், பெண்களில் 25 பேர். உங்கள் புத்தகம் அந்த 25 பேரையும் மனதில் வைத்து எழுதுகிறது, அட்டவணை அந்த 16 பேரைத்தான் எண்ணுகிறது.

இனி நாட்டுக்கு வருவோம். மாறிய நாடுகள் என்று இருபத்தைந்து முப்பது நாடுகளை ஒரே மூட்டையாகக் கட்டிப் பேசினால் ஒன்றும் தேறாது, அதனால் எனக்குத் தெரிந்த போலந்தையே எடுத்துக்கொள்கிறேன். படிப்புக்காக வூச் நகரத்தில் இரண்டு வருடம் இருந்தேன். கோயம்புத்தூரைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்கிறோம் அல்லவா, அதே மாதிரி வூச் நகரத்தைப் போலந்தின் மான்செஸ்டர் என்பார்கள். எங்கே திரும்பினாலும் செங்கல் நிறத்தில் நூற்பாலைகள், நெசவாலைகள். அவற்றில் வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

நான் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரம்மா அவர்களில் ஒருவர். எல்லோரையும் போல நானும் 'பானி' (போலிஷில் 'அம்மா' என்பது மாதிரி) என்று மரியாதையாகக் கூப்பிடுவேன், ஆனால் இரண்டு முறை கூப்பிட்டால்தான் திரும்புவார். இருபத்துச் சொச்சம் வருடம் தறிச் சத்தத்தில் நின்றதில் காது பாதி போய்விட்டது. 15 வயதில் ஆலை நடத்திய தொழிற்பள்ளியில் சேர்ந்தவர், அங்கேயே படிப்பு, அங்கேயே பயிற்சி, முடித்த கையோடு அங்கேயே வேலை. மூன்று ஷிப்ட். குழந்தை பிறந்தபோது ஆலையின் குழந்தைக் காப்பகம், கோடையில் ஆலையின் விடுமுறை முகாம். "வேலை தேடுவது என்றால் என்னவென்றே எனக்கு 39 வயது வரைக்கும் தெரியாது" என்று ஒரு நாள் சூப் கிண்டிக்கொண்டே சொன்னார்.

அந்தக் காலத்தைச் சொர்க்கம் என்று நினைத்துவிடாதீர்கள். 1981 ஜூலை கடைசியில் இதே வூச் நகரத்தின் பியோத்ர்கோவ்ஸ்கா தெருவில் ஆயிரக்கணக்கான பெண்கள் குழந்தைகளோடு பசி ஊர்வலம் போனார்கள், கடைகளில் சாப்பாட்டுக்கு ஒன்றும் இல்லை என்று. ஷிப்ட் முடித்து வரிசையில் நின்று, வீட்டுக்கு வந்து அடுப்பையும் பார்த்தது அவர்கள்தான். சம்பளமும் சுரங்கத்து ஆணைவிட ஆலைப் பெண்ணுக்குக் குறைவு. ஆனால் வேலை இல்லாமல் போகும் என்ற பயம் இருந்ததில்லை.

வேலை செய்வது அங்கே உரிமை மட்டும் இல்லை, கடமையும்கூட. சோவியத் ஒன்றியத்தில் வேலைக்குப் போகாதவன் 'சமூக ஒட்டுண்ணி', குற்றவாளி. கவிஞர் யோசிஃப் பிராட்ஸ்கிக்கு 1964ல் லெனின்கிராட் நீதிமன்றம் ஐந்து வருடத் தண்டனை கொடுத்தது இந்தச் சட்டத்தில்தான். போலந்தும் 1982ல் வேலையைத் தட்டிக்கழிப்பவர்கள் மீது ஒரு சட்டம் கொண்டுவந்தது. அது யாருக்குப் பொருந்தும் தெரியுமா? 18 முதல் 45 வயது வரையுள்ள ஆண்களுக்கு மட்டும். பெண் வீட்டில் இருந்தால் அவள் 'தட்டிக்கழிப்பவள்' ஆகமாட்டாள். சமத்துவம் என்று வாய் நிறையச் சொன்ன அரசுகூட ஆணுக்கு வேலை கட்டாயம், பெண்ணுக்கு வீடு என்ற கதவு எப்போதும் திறந்திருக்கும் என்றுதான் உள்ளுக்குள் நினைத்தது. பின்னால் நடந்ததற்கெல்லாம் விதை இங்கே இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

1990 ஜனவரி 1 அன்று நிதியமைச்சர் பால்செரோவிச்சின் திட்டம் அமலுக்கு வந்தது. விலைக் கட்டுப்பாடு போனது, மானியம் போனது, ஆலைகள் சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்றார்கள். அடுத்த வருடம் சோவியத் கூட்டணி நாடுகளின் வர்த்தகம் டாலர் கணக்குக்கு மாறியது. வூச் ஆலைகளின் துணியை மொத்தமாக எடுத்துக்கொண்டிருந்த கிழக்குச் சந்தை ஒரே வருடத்தில் காலி. நாட்டில் பதிவான வேலையின்மை 1990 கடைசியில் 6.5 சதவீதம், 1991 கடைசியில் 12 சதவீதத்துக்கு மேல், 1993 கடைசியில் 16.4 சதவீதம். வேலையில்லாதவர் என்று ஒருவர்கூடப் பதிவேட்டில் இல்லாத நாட்டில் நான்கே வருடத்தில் கிட்டத்தட்ட 29 லட்சம் பேர்.

இதில் இளைஞர்கள் ஏன் முதலில் மாட்டினார்கள்? நொடித்துப்போகும் ஆலை முதலில் செய்வது ஆட்குறைப்பு இல்லை, புது ஆள் எடுப்பதை நிறுத்துவது. வேலையில் இருப்பவனுக்கு யூனியன் உண்டு, நோட்டீஸ் காலம் உண்டு, நஷ்டஈடு உண்டு. வாசலில் நிற்கும் 19 வயதுக்காரனுக்கு ஒன்றும் கிடையாது. பானி படித்த மாதிரி ஆலையோடு ஒட்டிய தொழிற்பள்ளிகளும் ஆலையோடு சேர்ந்தே மூடப்பட்டன. பள்ளியிலிருந்து நேராகத் தறிக்குப் போன பாதை அப்படியே அறுந்துவிட்டது. புதிதாக முளைத்த தனியார் வேலைகளோ நாலைந்து பேர் உள்ள கடை, பட்டறை. அங்கே அண்ணன் மகன், பக்கத்து வீட்டுப் பையன் என்று தெரிந்தவர்களுக்குத்தான் இடம்.

பெண்கள் விஷயத்துக்கு வந்தால், போலந்தின் இரண்டு தொழில்களை அரசு நடத்திய விதத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சிலேசியாவின் நிலக்கரிச் சுரங்கங்கள் ஆண்களின் கோட்டை. பலமான யூனியன், தலைநகர் வார்சாவுக்கு வந்து டயர் கொளுத்துவார்கள். அங்கே ஆட்குறைப்பு 1998 வரை தள்ளிப்போனது, அப்போதும் தனிச் சட்டம் போட்டு, சம்பளத்தோடு நீண்ட விடுப்பு, வேறு தொழில் தொடங்க மொத்தமாக ஒரு பெரிய தொகை என்று சமூகத் தொகுப்பு ஒன்றைக் கொடுத்துதான் அனுப்பினார்கள். வூச் ஆலைப் பெண்களுக்கு 1991ல் அப்படி எந்தத் தொகுப்பும் வரவில்லை. ஊரெல்லாம் பல ஆலைகளில் சிதறிக் கிடந்த பெண்களுக்குச் சுரங்கத் தொழிலாளியின் குரல் இல்லை. ஒரே நாடு, ஒரே மாற்றம். அரசு எவனுடைய வேலையைக் குடும்பத்தின் வேலை என்று கருதியது, எவளுடைய வேலையைக் கூடுதல் வருமானம் என்று கருதியது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட என்னால் முடியாது.

பானிக்குக் கிடைத்தது 'குரோனியூஃப்கா'. தொழிலாளர் அமைச்சராக இருந்த யாச்செக் குரோனின் பெயரால் ஜனங்கள் வைத்த பெயர், வேலையில்லாதவர் உதவித்தொகை. ஆரம்பத்தில் அதுவரை வேலையே பார்க்காதவர்கள்கூடப் பதிந்து வாங்கலாம் என்கிற அளவுக்குத் தாராளம், பிறகு படிப்படியாக இறுக்கினார்கள். அது நின்றதும் அவர் அலுவலகங்களில் துப்புரவு வேலைக்குப் போனார், பெரும்பாலும் கணக்கில் வராத கூலிக்கு.

ரஷ்யாவில் இன்னும் வெளிப்படையாகவே பேசினார்கள். 1993ல் அந்நாட்டுத் தொழிலாளர் அமைச்சர் கென்னாடி மெலிகியான், ஆண்களுக்கே வேலை இல்லாதபோது பெண்களை ஏன் வேலைக்கு வைக்க வேண்டும் என்று கேட்டார். போலந்தில் அமைச்சர்கள் அப்படிச் சொல்லவில்லை, விளம்பரங்கள் சொல்லின. தொண்ணூறுகளில் 'ஆண் மேலாளர் தேவை', '30 வயதுக்கு உட்பட்ட, நல்ல தோற்றமுள்ள பெண் செயலாளர் தேவை' என்று போடுவது சாதாரணம்.

இப்போது இளம்பெண் என்ற குறிப்பிட்ட ஆளுக்கு வருவோம், ஏனென்றால் 39 வயதுப் பானியின் கதையும் 21 வயது மகளின் கதையும் வேறு வேறு. மகளுக்குக் குழந்தை இல்லை, படிப்பு அம்மாவைவிட அதிகம், பையன்களைவிட மதிப்பெண்ணும் அதிகம். அவளிடம் முதலாளி பார்ப்பது வரப்போகும் பிரசவத்தை. பழைய அமைப்பில் பேறுகால விடுப்பு, காப்பகம், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் லீவு எல்லாவற்றையும் ஆலை ஏற்றுக்கொண்டது, ஆலையின் நஷ்டத்தை அரசு ஏற்றுக்கொண்டது. 1990க்குப் பிறகு பேறுகாலப் படியைச் சமூகக் காப்பீடு கொடுத்தாலும், ஆள் இல்லாத மாதங்களைச் சமாளிப்பது, திரும்பி வரும்வரை இடத்தைக் காத்து வைப்பது எல்லாம் ஐந்து பேரை வைத்து நடத்தும் கடைக்காரர் தலையில் விழுந்தது. அவர் என்ன செய்வார்? நேர்முகத்தில் "கல்யாணம் எப்போது?" என்பார், அல்லது கேட்காமலேயே பையனை எடுத்துக்கொள்வார். குழந்தை பெறாத பெண்ணும் குழந்தை பெற்றவளின் விலையைக் கொடுத்தாள். ஆண் பெண் சமத்துவ விதிகள் தொழிலாளர் சட்டத்தில் விரிவாக நுழைந்தது 2002 ஜனவரியில்தான், அதுவும் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர வேண்டுமே என்பதற்காக.

எடுத்துவிட்டால்? போலந்துத் தொழிலாளர் சட்டத்தின் 177வது பிரிவு கர்ப்பிணியை வேலையை விட்டு நீக்கக் கூடாது என்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒப்பந்தம் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் என்றால், அது மூன்றாம் மாதக் கர்ப்பத்துக்குப் பிறகு முடிவதாக இருந்தால், பிரசவ நாள் வரைக்கும் நீளும். பிரசவ நாள் வரைக்கும், அவ்வளவுதான். பானியின் மகளுக்கு ஒரு பேரங்காடியில் அப்படித்தான் ஒப்பந்தம். 2003ல் ஆண் குழந்தை பிறந்த அன்றைக்கே அவள் வேலையும் முடிந்தது. மருத்துவமனை கொடுத்த பிறப்புச் சான்றும் கடை கொடுத்த பணிச் சான்றும் ஒரே தேதியில் இருப்பதைப் பானி எனக்கு எடுத்துக் காட்டினார், ஒரே பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தார். பேறுகாலப் படி சில மாதம் வந்தது. அதற்குப் பிறகு திரும்பிப் போக அவளுக்கு ஓர் இடம் இல்லை.

குழந்தையை எங்கே விடுவது என்பது அடுத்த முட்டுச்சந்து. போலந்தில் மூன்று வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளின் காப்பகங்கள் 1990ல் 1,400ஐ ஒட்டி இருந்தன, 2000களின் நடுவில் 400க்கும் கீழே வந்துவிட்டன. ஆலைகள் கைவிட்டன, நகராட்சிகளிடம் பணம் இல்லை. இதில் ஒரு வேடிக்கை, 2011ல் சட்டம் மாறும் வரை இந்தக் காப்பகங்கள் சட்டப்படி மருத்துவ நிறுவனங்கள்! மருத்துவமனைக்கு உரிய விதிகளோடு பிள்ளை பார்க்கும் இடம் தொடங்க யார் முன்வருவார்? பாட்டி பார்த்துக்கொள்வார் என்றால் அந்தப் பாட்டியும் துப்புரவு வேலைக்குப் போகிறார்.

அந்தப் பெண் மூன்று வருடம் வீட்டில் இருந்தாள். கணவன் 2005ல் அயர்லாந்துக்குக் கட்டட வேலைக்குப் போனான். கணக்கெடுப்பின்படி அந்த மூன்று வருடத்தில் பெரும்பகுதி அவள் வேலையில்லாதவளே இல்லை, தேடவில்லையே. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் மட்டும் பெயர் இருந்தது, ஏனென்றால் பதிவு செய்தால் இலவச மருத்துவக் காப்பீடு உண்டு. போலந்தில் பதிவுக் கணக்கும் கணக்கெடுப்புக் கணக்கும் ஒத்துப்போகாததற்கு இது ஒரு பெரிய காரணம், நீங்கள் தரவு எடுக்கும்போது இதைக் கவனியுங்கள். இரண்டையும் ஒரே வரைபடத்தில் போட்டுக் குழப்பிக்கொண்ட ஆய்வேடுகளை நான் திருத்தியிருக்கிறேன்.

2002, 2003 வாக்கில் போலந்தில் 25 வயதுக்குக் கீழ் வேலையின்மை 40 சதவீதத்தைத் தாண்டியது. மாற்றம் நடந்து பன்னிரண்டு வருடம் கழித்து ஏன் இந்த உச்சம் என்று கேட்டால், எல்லோரும் 2001 தேக்கநிலையைச் சொல்வார்கள். அது பாதிதான். மீதிப் பாதி 1983ல் இருக்கிறது. ராணுவச் சட்டம் விலக்கப்பட்ட அந்த வருடம் போலந்தில் 7.2 லட்சத்துக்கும் மேல் குழந்தைகள் பிறந்தன, அதற்குப் பிறகு அந்த எண்ணை நாடு தொடவே இல்லை. அந்தப் பிள்ளைகள் 19, 20 வயதில் வேலை தேடி வந்த நேரமும் தேக்கநிலையும் சரியாக ஒன்றாகச் சேர்ந்தன. மறுபக்கம், அதே 2002ல் பிறந்த குழந்தைகள் சுமார் 3.5 லட்சம்தான், பாதிக்கும் கீழே. இன்று போலந்தின் மொத்த வேலையின்மை 3 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது என்று கொள்கை வகுத்தவர்கள் மார் தட்டிக்கொள்ளும்போது எனக்கு இந்த எண்தான் நினைவுக்கு வரும். வரிசையில் நிற்க ஆளே பாதிதான்.

இடையில் 2004 மே 1 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தார்கள். பிரிட்டன், அயர்லாந்து, சுவீடன் மூன்றும் உடனே கதவைத் திறந்தன. ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் ஏழு வருடம் மூடி வைத்து 2011 மே மாதம்தான் திறந்தன. 2007 கடைசியில் சுமார் 22 லட்சத்துக்கும் மேற்பட்ட போலந்துக்காரர்கள் வெளிநாட்டில் இருந்தார்கள் என்று அவர்களின் புள்ளியியல் அலுவலகம் மதிப்பிட்டது. இளைஞர் வேலையின்மை சடசடவென்று இறங்கியதில் இதற்குப் பெரிய பங்கு. பெண்களும் போனார்கள், ஹோட்டல் அறை பெருக்கவும், ஜெர்மன் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளவும். கையில் பட்டத்தோடு போனவர்கள் நிறைய.

பட்டம் என்றதும் ஒரு விஷயம். 1990ல் போலந்தின் கல்லூரிகளில் இருந்தவர்கள் சுமார் 4 லட்சம், 2005ல் 19.5 லட்சம். அதில் பாதிக்கு மேல் பெண்கள். பையன்கள் சுரங்கம், வெல்டிங் என்று தொழிற்பள்ளிக்குப் போன காலத்தில் பெண்பிள்ளைகள் பொதுக் கல்விப் பள்ளிக்குப் போவார்கள். 1990ல் அது கைத்தொழில் தெரியாத வெறும் சான்றிதழ். 2000களில் அதுவே மொழி, கணக்கு, கணினி தெரிந்த ஆள் என்று ஆகிவிட்டது. வூச் நகரத்திலேயே இதற்கு ஓர் உதாரணம், நம் ஊரோடு தொடர்புள்ளது. பிலிப்ஸ் நிறுவனத்தின் கணக்கு வழக்குகளைப் பார்த்த மையங்கள் வூச், சென்னை, பாங்காக் மூன்றிலும் இருந்தன. 2007ல் அவை மூன்றையும் இன்ஃபோசிஸ் எடுத்துக்கொண்டது. நான் இருந்தபோது அந்த மாதிரி மையங்களில் ஜெர்மன், பிரெஞ்சு, டச்சு படித்த இளம்பெண்கள் நிறையப் பேர் வேலை பார்த்தார்கள். அம்மா தறியில் நின்ற ஊரில் மகள் ஹெட்போன் மாட்டிக்கொண்டு விலைப்பட்டியல் சரிபார்த்தாள். பானியின் மகளுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை, அவளுக்குத் தெரிந்தது போலிஷ் மட்டும்.

கல்வி இப்படிக் கைகொடுத்தும் ஏன் இடைவெளி மூடவில்லை என்றால், பதில் ஒப்பந்தத்தில் இருக்கிறது. போலந்தில் இளைஞர்களுக்குக் கிடைத்த வேலைகளில் பெரும்பகுதி தற்காலிகம். 2010களின் நடுவில் மொத்த ஊழியர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் தற்காலிக ஒப்பந்தம், ஐரோப்பிய ஒன்றியத்திலேயே மிக அதிகமான நாடுகளில் ஒன்று. இதற்கும் கீழே ஒரு படி உண்டு, தொழிலாளர் சட்டத்தின் கீழேயே வராத சிவில் ஒப்பந்தம். ஜனங்கள் அதற்கு வைத்த பெயர் 'ஷ்மெச்சூஃப்கா', குப்பை ஒப்பந்தம் என்று பொருள். 26 வயதுக்குக் கீழ் உள்ள மாணவரை இதில் வைத்தால் முதலாளி சமூகக் காப்பீடு கட்ட வேண்டியதில்லை. கட்டாததால் பேறுகாலப் படியும் இல்லை. 177வது பிரிவும் பொருந்தாது. பையனுக்கு இது மலிவான சம்பளம், அவ்வளவுதான், 30 வயதில் நல்ல வேலைக்கு மாறிவிடுவான். பெண்ணுக்கோ பிள்ளை பெறும் வயதும் குப்பை ஒப்பந்த வயதும் ஒன்றாக வருகின்றன. அதனால் ஒன்று பிள்ளையைத் தள்ளிப்போட்டாள், இல்லையென்றால் வேலையை விட்டாள். பிறப்பு விகிதம் ஏன் விழுந்தது என்று அரசியல்வாதிகள் இவளிடமே கேட்பதுதான் எரிச்சல்.

பக்கத்து நாடுகளை வேகமாகப் பார்த்துவிடலாம். செக் நாடு தொண்ணூறுகளின் நடுவில் 4 சதவீத வேலையின்மை என்று எல்லோரும் மெச்சினார்கள். அங்கே 1995ல் குழந்தை வளர்ப்புப் படியைப் பிள்ளைக்கு நான்கு வயது ஆகும் வரை நீட்டினார்கள், ஆனால் பழைய வேலையைத் திரும்பக் கொடுக்க வேண்டும் என்ற உத்தரவாதம் மூன்று வயது வரைக்கும்தான். நாலாவது வருடப் படியை வாங்கினால் வேலை போச்சு. ஆயிரத்துக்கு மேல் இருந்த கைக்குழந்தைக் காப்பகங்கள் இருபது வருடத்தில் ஐம்பதுக்கும் கீழே. குறைந்த வேலையின்மையின் ஒரு பகுதியை வீட்டில் இருந்த பெண்கள்தான் தாங்கிப் பிடித்தார்கள்.

கிழக்கு ஜெர்மனிப் பெண்கள் வேறு வழியில் பதில் சொன்னார்கள். அங்கே 1989ல் 2 லட்சத்தை ஒட்டிப் பிறந்த குழந்தைகள் 1994ல் 80 ஆயிரத்துக்கும் கீழே விழுந்தன, ஒரு பெண்ணுக்கு 0.77 குழந்தை என்ற கணக்கு, போர் இல்லாத காலத்தில் அப்படி ஒரு சரிவு அபூர்வம். வேலையை விட்டு வீட்டில் உட்கார அவர்கள் தயாராக இல்லை, தேடிக்கொண்டே இருந்தார்கள், அதனால் அங்கே பெண்கள் வேலையின்மை விகிதம் ஆண்களைவிட வெளிப்படையாகவே அதிகம். பிறகு இளம்பெண்கள் மேற்கே போய்விட்டார்கள், பையன்களைவிட அதிகமாக. சில கிழக்கு மாவட்டங்களில் 100 இளைஞர்களுக்கு 80 இளம்பெண்கள்கூட மிஞ்சவில்லை.

நீங்கள் கேட்ட லித்துவேனியாவுக்குக் காரணம் எளிது. 2008 நெருக்கடியில் முதலில் சரிந்தது கட்டடத் தொழில், அதில் இருந்தவர்கள் இளைஞர்கள். பெண்கள் இருந்தது பள்ளி, மருத்துவமனை, கடை. அந்த இரண்டு மூன்று வருடத்தை வைத்து ஆண்கள்தான் அதிகம் பாதிக்கப்பட்டார்கள் என்று பொதுவாக எழுதிவிடாதீர்கள். மறு கோடியில் கொசோவோ. 2010களில் அங்கே வேலை செய்யும் வயதுள்ள பெண்களில் நூற்றுக்குப் பதினைந்து பேருக்கும் குறைவாகத்தான் வேலையில் இருந்தார்கள். அந்த மாதிரி இடத்தில் பெண்களின் வேலையின்மை 30 சதவீதமா 40 சதவீதமா என்ற விவாதத்துக்கே பொருள் இல்லை.

போலந்து 2016 ஏப்ரலில் '500 பிளஸ்' கொண்டுவந்தது, இரண்டாவது குழந்தையிலிருந்து எல்லோருக்கும் மாதம் 500 ஸ்வோத்தி (போலந்து நாணயம்), முதல் குழந்தைக்கு வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு மட்டும், 2019 ஜூலையிலிருந்து முதல் குழந்தைக்கும் எல்லோருக்கும். குழந்தை வறுமை குறைந்தது உண்மை, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஆரம்ப வருடங்களில் முதல் குழந்தைக்கு அந்த வருமான வரம்பு இருந்ததால், ஒரே பிள்ளை உள்ள தாய் குறைந்த சம்பள வேலைக்குப் போனால் அந்தப் பணம் கைவிட்டுப் போகும் நிலை. பெண்களில் ஒரு பகுதி வேலையிலிருந்து விலகியதை ஆய்வுகள் காட்டின. காப்பகத்துக்குப் போக வேண்டிய பணத்தில் ஒரு பங்கு வீட்டுக்குப் போனது என்று நான் பார்க்கிறேன். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் நிறையப் பேர் உண்டு, என் போலிஷ் நண்பர்கள் பாதிப் பேர் என்னோடு இதில் சண்டை போடுவார்கள்.

ஆக, ஆய்வேட்டுக்குத் தரவு எடுக்கப் போகிறீர்கள் என்றால் 15 முதல் 24 வயது வேலையின்மை விகிதத்தை மட்டும் எடுக்காதீர்கள், அந்த வயதில் பாதிப் பேருக்கு மேல் படித்துக்கொண்டிருப்பவர்கள். 25 முதல் 29 வயதை எடுங்கள், படிப்பு, பயிற்சி, வேலை எதிலும் இல்லாதவர்கள் என்று ஐரோப்பியப் புள்ளியியல் அலுவலகம் தனியாக ஒரு விகிதம் தருகிறது, அதை ஆண் பெண் என்று பிரியுங்கள். அப்புறம் அந்தப் பெண்களை மூன்று வயதுக்குக் கீழ் குழந்தை உள்ளவர், இல்லாதவர் என்று பிரியுங்கள். போலந்துக்கு 1992 மே மாதத்திலிருந்துதான் காலாண்டுக் கணக்கெடுப்பு இருக்கிறது, அதற்கு முந்தையது பதிவேடு மட்டும், இரண்டையும் ஒட்ட வேண்டாம். பானி வேலை பார்த்த மாதிரியான பெரிய ஆலை ஒன்று 2006ல் மனுஃபக்தூரா என்ற வணிக வளாகமாகத் திறக்கப்பட்டது, செங்கல் சுவர்களை அப்படியே வைத்திருக்கிறார்கள், வாரக் கடைசியில் நிற்க இடம் இருக்காது. உங்கள் கணக்கு வழக்கு முடிந்து ஒரு நாள் வூச் போனால் அங்கே கவுன்டரில் நிற்கும் பெண்களிடம் என்ன ஒப்பந்தம் என்று கேட்டுப் பாருங்கள், தயங்காமல் சொல்வார்கள்.